மழைக்குப் பின் முளைக்கும் புல்லுக்கு எது சரி: அரிவாளா, கரண்ட் மெஷினா, பேட்டரியா, பெட்ரோலா, கூலி ஆளா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் எழுந்துவிடும். "எந்தப் புல்வெட்டி மெஷின் வாங்கலாம்?" என்ற கேள்வியும் அந்த வாரத்தில்தான் வரிசையாக வரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே நாலைந்து சென்ட்டில் வீடு கட்டிக் குடிபோனவர்கள். கடைக்காரர் பெட்ரோல் பிரஷ் கட்டரை எடுத்துக் காட்டுகிறார். செல்போனில் பார்த்தால் பேட்டரி மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வீட்டுப் பெரியவரோ "இதுக்குப் போய் மெஷினா? ஒரு அரிவாள் போதாதா?" என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், மெஷினைப் பார்க்கும் முன் காலண்டரைப் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. அதனால் புல் வேலையும் ஐப்பசி முதல் தை வரை குவிகிறது. பிறகு சித்திரையில் கோடை மழை பெய்தால் ஒரு வெட்டு, ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி கட்டும் முன் ஒரு வெட்டு. மீதி மாதமெல்லாம் மெஷின் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் ஓடித் தேய்ந்து கெடுவதில்லை, கிடந்தே கெடுகின்றன. விலைச்சீட்டில் எழுதாத பெரிய செலவு இதுதான். கீழே ஒவ்வொன்றையும் எடை போடும்போது இந்தக் கணக்கை விடாமல் சேர்த்திருக்கிறேன்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என்ன முளைத்திருக்கிறது? புல்வெட்டி மெஷின் எதுவானாலும் தரைக்கு மேல் இருப்பதை மட்டுமே வெட்டும். அருகம்புல், கோரை, பார்த்தீனியம் மூன்றும் வெட்டினால் மறுபடி தழைப்பவை. கோரைக்கு உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி போட்டு ஓடும். மேலே பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். பார்த்தீனியம் பூ விடும் முன் வேரோடு வர வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அதன் மகரந்தமும் செடியும் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொடுக்கும். வேலியோரம் சீமைக்கருவேலங்கன்று தலை காட்டியிருந்தால், அடிக்கட்டையை மண்ணுக்குள் தோண்டி எடுக்காதவரை அது திரும்பத் திரும்பத் துளிர்க்கும். ஆக, உங்கள் முற்றத்தில் வெட்டுகிற வேலை எவ்வளவு, பிடுங்குகிற வேலை எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

உண்மையில் எவ்வளவு இடம்? 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. அதில் வீடு, வண்டி நிறுத்துமிடம், கழிவுத்தொட்டி, சிமென்ட் நடைபாதை எல்லாம் போக மண் தெரியும் இடம் ஒன்றரை சென்ட் தேறினால் பெரிது. கடையில் "5 சென்ட்" என்று சொன்னால் 5 சென்ட்டுக்கான மெஷினைத்தான் கொடுப்பார்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை? உள்மாவட்டங்களில் ஐந்தாறு வெட்டு. இரண்டு பருவமழையும் கிடைக்கும் கன்னியாகுமரியில் அதைவிடக் கூடுதல். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மெஷினுக்கு ஓய்வு குறைவு. ராமநாதபுரத்தில் சில வருடம் இரண்டு வெட்டோடு முடிந்துவிடும். சென்னையில் ஒருவர் சிபாரிசு செய்ததை நாகர்கோவிலில் இருப்பவர் அப்படியே வாங்க வேண்டியதில்லை.

யார் பிடிக்கப் போகிறார்கள்? குனிய முடியாத முதுகா, எட்டு கிலோவைத் தோளில் தாங்க முடியாத கையா, இரண்டும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் உள்ளவரா?

பாம்பு. இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் ஊரில் உண்டு. மழைக்குப் பின் மண்டிக் கிடக்கும் புல்லில் அரிவாள் போட வேண்டுமென்றால் இடது கையால் புல்லை அள்ளிப் பிடிக்க வேண்டும், அதாவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட வேண்டும். சீசனின் முதல் வெட்டுக்கும், புல் கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது போடும் அடுத்தடுத்த வெட்டுகளுக்கும் ஒரே கருவி சரிப்படாமல் போவது இதனால்தான்.

## கைக்கருவிகள்

கருக்கரிவாள், களைக்கொத்தி, மண்வெட்டி மூன்றும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கருக்கு மழுங்கினால் கொல்லன் பட்டறையில் புதுக் கருக்கு வெட்டித் தருவார்கள். களைக்கொத்தியைச் சாணை பிடித்தால் போதும். வருடம் முழுக்க மூலையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. எடுத்து வைக்கும்போது இரும்பில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் துருவும் அண்டாது. கிடந்து கெடும் செலவு இதற்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

காய்கறிப் பாத்திக்கு இதைத் தவிர வேறு வழியே கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். ஆடியில் ஊன்றிய வெண்டைக்கும் கத்தரிக்கும் நடுவே களை எடுக்க எந்த மெஷினாலும் முடியாது. செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரிவது கண்ணுக்கும் கைக்கும்தான். பார்த்தீனியமும் அப்படியே. மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது கையுறை போட்டுப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதையே மெஷினில் வெட்டினால் சாறும் துணுக்கும் முகத்தில் தெறிக்கும், அடியிலிருந்து புதுக்கிளையும் வரும்.

கோரைக்குக் கருவியும் இதுதான், ஆனால் காலம் வேறு. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டிக் கிழங்கை வெயிலில் போட வேண்டும். காய்ந்த கிழங்கு முளைக்காது. உழவர்கள் கோடை உழவு ஓட்டுவதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. கார்த்திகையில் கோரையோடு மல்லுக்கட்டுபவர்கள் சித்திரையில் அதை மறந்துவிடுகிறார்கள். அப்போது தரையில் பச்சையே தெரியாது, மண்ணும் கடப்பாரை கேட்கும் அளவுக்கு இறுகிக் கிடக்கும். முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து வைத்தால் வெட்டு இறங்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு உடம்பு. குந்தி உட்கார்ந்து கொத்துவது முழங்காலைப் பதம் பார்க்கும், குனிந்து வெட்டுவது இடுப்பை. அதற்குத்தான் நீளப்பிடி போட்ட, நின்றபடியே தள்ளிச் சுரண்டும் கருவியைப் பரிந்துரைக்கிறேன். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் கோயில் கோயிலாகச் சென்று பிரகாரத்துப் புல்லைச் செதுக்கிய உழவாரம் இந்த வகைதான். சிவன் கோயில்களில் அவர் சிலையின் தோளில் அது சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். தட்டையான இலை போன்ற இரும்பு, இடுப்புக்கு மேல் வரும் பிடி. முளைத்து ஓரிரு வாரமே ஆன சின்னப் புல்லை நடைபாதை ஓரத்திலும் வாசலிலும் செதுக்கித் தள்ள இதற்கு இணை இல்லை. பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். முழங்கால் உயரப் புல்லில் மட்டும் இது எடுபடாது.

எப்போது இதுவே போதும்: மண் தெரியும் இடம் ஒரு சென்ட்டுக்குள், காய்கறிப் பாத்தி அதிகம், புல்லை முற்ற விடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கும் பழக்கம் இருக்கிறது.

## கம்பியில் ஓடும் மின்சார டிரிம்மர்

பிளக்கில் சொருகி, நைலான் நரம்பைச் சுழற்றிப் புல்லை அறுக்கும் மெஷின். 500 முதல் 1,000 வாட், இரண்டு முதல் நாலு கிலோ எடை. பெரும்பாலும் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குள் கிடைக்கும். இதைக் கடைக்காரர் அவ்வளவாக எடுத்துக் காட்டுவதில்லை. சின்ன வீட்டுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

காரணம் எளிது, இதற்குக் கிடந்து கெடும் நோய் குறைவு. கெட்டுப்போக பெட்ரோல் இல்லை, செத்துப்போக பேட்டரி இல்லை. ஆறு மாதம் கழித்து எடுத்துச் சொருகினாலும் சுற்றும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம், மோட்டார் புகைந்தால்கூடப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே காயில் கட்டும் கடை இருக்கும். மின்செலவு பொருட்டே இல்லை: 1,000 வாட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

சிக்கல் கம்பியில் இருக்கிறது. மெஷினோடு வரும் கம்பி ஓரடி இரண்டடிதான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் நீங்கள் போட வேண்டும், அதுவும் வீட்டுக்குள் டி.வி.க்குப் போடும் மெல்லிய கம்பி கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மேலே தடித்த உறை, வெளி உபயோகத்துக்கான பிளக். நல்ல கம்பியாக 25 மீட்டர் வாங்கினால் மெஷின் விலையில் பாதியை அதுவே தின்றுவிடலாம். வீட்டு மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதைப் போட்ட பிறகே இந்த மெஷினை வாங்குங்கள். இதில் சமரசம் கிடையாது.

இன்னொன்று, ஈரம். புல் அதிகம் வளரும் காலமே ஈரக் காலம். மார்கழியில் பத்து மணி வரை புல்லில் பனி நிற்கும். ஈரப் புல்லில் கரண்ட் மெஷின் ஓட்டக் கூடாது என்பதால் வெயில் ஏறி புல் காய்ந்த பின்தான் வேலை. காலையில் ஏழு மணிக்கு முடித்துவிட்டு ஆபீஸ் போக நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

எப்போது இது நல்லது: ஒரு கிரவுண்டுக்குள் வீடு, பிளக்கிலிருந்து எந்த மூலையும் 25 மீட்டரைத் தாண்டாது, பகலில் வீட்டில் ஆள் உண்டு, தடித்த தண்டுச் செடிகள் இல்லை.

## பேட்டரி டிரிம்மர்

பார்க்க அழகு, சத்தம் குறைவு, பெண்களும் வயதானவர்களும் சிரமமில்லாமல் பிடிக்கலாம், கம்பி காலில் சுற்றாது. ஆனால் விளம்பரத்தில் போடும் எண்களை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

பெட்டியில் 48, 88 என்று பெரிய எண் போட்டு விற்கும் மலிவு மெஷின்கள் பலவற்றில் உள்ளே இருப்பது ஐந்து லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்த பேட்டரி. ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் 21 வோல்ட். 21 வோல்ட் என்பதும் 18 வோல்ட் என்பதும் பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 18 வோல்ட்டை 2 ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் 36 வாட்-ஹவர். மெஷின் 200 வாட் இழுத்தால் பதினோரு நிமிடம்கூட ஓடாது. 4 ஆம்பியர்-ஹவர் என்றால் இருபது நிமிடம் சொச்சம். புல் அடர்ந்திருந்தால் இழுப்பு கூடும், நேரம் இன்னும் குறையும். இரண்டு பேட்டரி கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சின்ன பேட்டரிதான் கொடுக்கிறார்கள்.

இனி சும்மா கிடக்கும் மாதங்கள். லித்தியம் பேட்டரியை முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். முழு சார்ஜில் வெக்கையில் வைத்தாலும் ஆயுள் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் சித்திரை வெயிலில் கிடந்தால் அதன் கதை சீக்கிரம் முடியும். பாதி சார்ஜில், வீட்டுக்குள், சூடு தாக்காத அலமாரியில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு.

மூன்று நாலு வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டி வரும், அப்போது மெஷின் விலையில் பாதி கேட்கும். அதைவிட மோசம், அந்த மாடலே சந்தையில் இல்லாமல் போயிருக்கும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல கம்பெனியின் பேட்டரி டிரில்லிங் மெஷின் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மர் தலையை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். டிரில் வருடம் முழுக்க ஓடும், பேட்டரியும் சும்மா கிடக்காது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு இந்த விலைக்கு இதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை.

எப்போது இது நல்லது: இரண்டு சென்ட்டுக்குள் மெல்லிய புல், பிளக் எட்டாத இடம், கை வலுக் குறைந்தவர்கள், அதே பேட்டரிக்கு வேறு வேலையும் இருக்கிறது.

## பெட்ரோல் பிரஷ் கட்டர்

வேகத்திலும் வலுவிலும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நைலான் நரம்பு மாட்டினால் புல், மூன்று பல் கத்தி மாட்டினால் விரல் பருமன் தண்டு, வட்ட ரம்பக் கத்தி மாட்டினால் சின்னச் சீமைக்கருவேலமும் விழும். பெயர் தெரியாத டூ ஸ்ட்ரோக் மெஷின் ஏழெட்டாயிரத்திலிருந்து கிடைக்கும். நல்ல கம்பெனியின் ஃபோர் ஸ்ட்ரோக் அதைப்போல மூன்று நாலு மடங்கு.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் அளவில் ஊற்றுவதுதான் பாதி மெஷின்களின் ஆயுளை முடிக்கிறது: குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பிளக்கில் கரி படியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவை இல்லை, ஆயில் தனி. சத்தமும் புகையும் குறைவு. விலைதான் இடிக்கும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தையில் வெட்டி முடித்து, டேங்கில் கால் லிட்டரோடு அப்படியே வைத்துவிட்டு ஆடியில் கயிற்றை இழுத்தால் மெஷின் இருமக்கூடச் செய்யாது. கார்புரேட்டரில் பிசின் கட்டியிருக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்திருக்கும். மெக்கானிக் கழுவிக் கொடுத்துக் கூலி வாங்குவார், அடுத்த வருடம் மறுபடியும். தவிர்க்க வழி ஒன்றுதான்: சீசன் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, மீதம் தீர்ந்து மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வைப்பது. கலந்து வைத்த பெட்ரோலையும் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். கத்தி மாட்டிய பிரஷ் கட்டரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று கையேடுகள் சொல்கின்றன. ஏறத்தாழ ஐம்பது அடி. 40-க்கு 60 மனையில் ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர் தெருவுக்குத்தான் போக வேண்டும். கட்டட வேலை முடிந்து ஜல்லியும் ஓட்டுச்சில்லும் புதைந்து கிடக்கும் புது மனையில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் இல்லை. ஜன்னல் கண்ணாடி, நிறுத்தி வைத்த கார், உங்கள் முழங்கால் எலும்பு மூன்றும் குறியில் இருக்கின்றன. முகமூடிக் கண்ணாடி, கனமான பூட்ஸ், காதடைப்பான், கால் மறைக்கும் முழுப்பேன்ட் எல்லாம் சேர்த்துத்தான் மெஷினின் விலை. சத்தம் 100 டெசிபெல்லை ஒட்டி வரும்.

பலரும் கவனிக்காத நஷ்டம் ஒன்று உண்டு. நைலான் நரம்பு இளம் மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடும். கொய்யாக்கன்று, சப்போட்டா, எலுமிச்சை எல்லாம் புல்லோடு ஒட்டி நிற்பவை. பட்டை முழு வளையமாகப் போனால் இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்காது, மரம் மெல்லப் பட்டுப்போகும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் காயும்போது காரணம் புரியாமல் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள். எந்த டிரிம்மரானாலும் கன்றைச் சுற்றி ஓரடிக்குக் கையால் களை எடுத்து, சருகு, ஓலை போட்டு மண்ணை மூடும் மூடாக்குப் போட்டுவிட்டு, மெஷினை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கும் இதே கதிதான்.

"களையும் எடுக்கும், மண்ணும் கிளறும்" என்று சொல்லி இதனோடு நாலைந்து அட்டாச்மென்ட் சேர்த்து விற்பதுண்டு. இளகிய ஈர மண்ணில் மண் கிளறி ஏதோ ஓடும். காய்ந்த கரிசலிலும் செம்மண்ணிலும் குதிக்கும், கிளட்ச் சூடேறிப் போகும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எப்போது இது நல்லது: பத்து சென்ட்டுக்கு மேல் திறந்த இடம், தென்னந்தோப்பு, வேலியோரப் புதர், வருடத்தில் பத்து முறைக்கு மேல் வெட்டு, பக்கத்தில் வீடுகள் நெருங்கி இல்லை, மெக்கானிக் ஊரிலேயே இருக்கிறார்.

## ஆள் வைப்பது

இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கலந்துவிடுகிறார்கள். களை எடுக்க வரும் பெண்கள் களைக்கொத்தியோடு வருவார்கள். நிதானமாகச் செய்வார்கள், கீரை எது களை எது என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மூக்கிரட்டையையும் கீழாநெல்லியையும் தனியாக எடுத்து வைத்துக் கேட்பவர்களும் உண்டு. சொந்த மெஷினோடு வருபவர்கள் மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ பேசி, ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டுப் போவார்கள். முதலாவது வகை பிடுங்கும் வேலைக்கு, இரண்டாவது வெட்டும் வேலைக்கு.

மறைவுச் செலவு, கிடைப்பதில்தான். மழை விட்ட வாரத்தில் ஊரே கூப்பிடும், உங்கள் முறை வருவதற்குள் புல் விதை கட்டிவிடும். விதை கட்டிய பின் வெட்டினால் அடுத்த வருடப் பயிரை நீங்களே தூவியது போல. மெஷின்காரரிடம் வெட்டிய புல்லை அள்ளிப்போடுவதும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது தனிக்கூலி. கன்றுகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

மெஷினா ஆளா என்று தடுமாறுபவர்கள் இப்படிக் கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு மெஷின் 9,000 ரூபாய், நாலு வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,250. நரம்பு, பெட்ரோல், ஆயில், சர்வீஸ் 1,500. மொத்தம் 3,750. வருடம் ஆறு வெட்டு என்றால் ஒரு வெட்டுக்கு 625 ரூபாய், அதோடு உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போகும். பன்னிரண்டு வெட்டு என்றால் அது 400-க்கும் கீழே வரும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். உங்கள் ஊர்க் கூலியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை சென்ட் இடத்துக்குப் பல ஊர்களில் ஆள்தான் மலிவாக வரும்.

எப்போது இது நல்லது: சீசனின் முதல் பெரிய வெட்டு, வெளியூரில் இருப்பவரின் காலி மனை, வருடம் நாலைந்து வெட்டுக்கு மேல் தேவைப்படாத இடம்.

## ஒரே பார்வையில்

| | கைக்கருவி | கரண்ட் டிரிம்மர் | பேட்டரி | பெட்ரோல் | ஆள் |
|---|---|---|---|---|---|
| பொருந்தும் திறந்த இடம் | 1 சென்ட் வரை | 1–3 சென்ட் | 2 சென்ட் வரை | 10 சென்ட்டுக்கு மேல் | எதுவும் |
| வேரோடு களை | முடியும் | முடியாது | முடியாது | முடியாது | களைக்கொத்தி ஆள் என்றால் முடியும் |
| முழங்கால் உயரப் புல் | ஆபத்து, மெதுவு | திணறும் | திணறும் | எளிது | எளிது |
| ஈரத்தில் | செய்யலாம் | கூடவே கூடாது | கையேடு பார்க்க | நரம்பில் புல் சுற்றும் | அவரைப் பொறுத்தது |
| சும்மா கிடந்தால் | துரு மட்டும் | பாதிப்பு குறைவு | பேட்டரி சாகலாம் | கார்புரேட்டர் அடைக்கும் | செலவில்லை |
| மறைவுச் செலவு | முதுகு, முழங்கால் | கம்பி, ஆர்சிசிபி | புது பேட்டரி | பாதுகாப்புச் சாமான், சர்வீஸ் | காத்திருப்பு |

பட்டியலில் இரண்டை விட்டிருக்கிறேன். புல்தரை மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்கள், கொரியன் கிராஸ் மாதிரி வளர்த்த புல்தரை இருந்தால் மட்டும் யோசியுங்கள். சின்னத் தரைக்குக் கையால் தள்ளும் உருளைக் கத்தி மெஷினே போதும். தானாக முளைத்த மேடுபள்ளக் காட்டுப்புல்லில் அது ஓடாது.

மற்றது களைக்கொல்லி. 2022 அக்டோபரில் மத்திய அரசு, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வீட்டு முற்றத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் அதற்கு வேலை இல்லை. உப்பைக் கரைத்து ஊற்றும் வைத்தியம் அதைவிடக் கெடுதல். களை போகும், பிறகு அந்த மண்ணில் எதுவும் வராது.

## நான் எப்படிப் பிரித்துக் கொடுப்பேன்

நாலைந்து சென்ட்டில் வீடு, பின்பக்கம் கொஞ்சம் காய்கறி, இரண்டு தென்னை, ஒரு கொய்யா: கைக்கருவிகளோடு ஓர் உழவாரம். கார்த்திகையில் முதல் வெட்டுக்கு மட்டும் மெஷின்காரரைக் கூப்பிடுங்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே இறங்கினால் புல் தலையெடுக்காது. பணமும் மனமும் இருந்தால் இதோடு ஒரு கரண்ட் டிரிம்மர், வேறெதுவும் வேண்டாம்.

வயதான தம்பதி, முழங்கால் வலி: பாத்தி தவிர மற்ற மண்ணை மூடாக்கால் மூடிவிடுங்கள். காய்ந்த தென்னை ஓலை, உரிமட்டை, சருகு, விதை கட்டும் முன் வெட்டிய புல், எதுவானாலும் நாலைந்து விரற்கடை கனத்துக்கு. வெளிச்சம் படாத மண்ணில் பெரும்பாலான களை முளைப்பதில்லை. கோரை மட்டும் துளைத்துக்கொண்டு வரும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், தேளும் பூரானும் அதற்குள் குடியேறும்.

கன்னியாகுமரிப் பக்கம் பதினைந்து இருபது சென்ட்டில் தென்னையும் ரப்பரும்: யோசிக்க வேண்டாம், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல். அங்கே அது சும்மா கிடக்கப் போவதில்லை, கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வாங்கிப் போட்ட காலி மனை: எந்த மெஷினும் வாங்காதீர்கள். புரட்டாசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று என்று ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வெட்டியதும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். சீமைக்கருவேலம் இருந்தால் முதல் வருடமே வேரோடு தோண்ட ஒருமுறை செலவழியுங்கள்.

மெஷின்தான் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் வண்ணப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கு நரம்புத் தலையும் ஸ்டார்ட்டர் கயிறும் தனியாக எடுத்துக் காட்ட முடியுமா? இதைப் பிரித்து வேலை பார்ப்பவர் இந்தக் கடையிலேயே இருக்கிறாரா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? கடைக்கு வெளியே ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டுவீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஆவணி, புரட்டாசியில் போனால் இதையெல்லாம் நின்று நிதானமாகக் காட்டுவார்கள். கார்த்திகையில் அதே கடையில் பில் போடவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.